அனாதீனம் என்று நீ படித்த நாள்

வேலு, நலமா என்று கேட்கமாட்டேன். உன் தங்கை செல்வி நேற்றுத்தான் போனில் உன்னைக் காட்டினாள். தொப்பை நலமாக இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கிற நீயும் நலமாகத்தான் இருப்பாய். மேடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாய். இந்த மாய நாடெல்லாம் உங்கள் தலைக்குள் எப்படி வந்தது என்று ஒரு பெண் மைக்கை நீட்டிக் கேட்டாள். நீ சொன்ன பதிலை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டேன். ஒன்பது வயதில் ஒரு சொல்லை அர்த்தம் தெரியாமல் படித்தேன், அதனால் அப்பாவின் நிலம் போனது, அந்தத் தப்பைத் திருத்தத்தான் இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பக்கூட எழுந்து போகவில்லை.

அடுத்த மாதம் உனக்குப் பரிசு கொடுக்கிற விழாவில் என்னையும் மேடையில் உட்காரவைக்கப் போகிறாயாம். உன் அம்மா இப்போதே என் வேட்டிக்கு நீலம் போட ஆரம்பித்துவிட்டாள். அந்த மேடையில் ஏறுவதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேட்டபிறகு எனக்கு நாற்காலி போடுவதும் போட்டதை எடுப்பதும் உன் இஷ்டம். சொல்வது நான், எழுதுவது செல்வி. கம்பெனியில் இன்றைக்கு அவளுக்கு வார லீவு. நான் பேசுவதை அப்படியே எழுதினால் புத்தகம் போடுகிற அண்ணன் வெட்கப்படும் என்று அவளே நல்ல தமிழாக மாற்றிக்கொள்கிறாள். கெட்ட வார்த்தைகளை மட்டும் விட்டுவிடுகிறாள். அதனாலேயே கடிதம் பாதியாகிவிட்டது.

தொண்ணூற்றொன்றில் நீ நாலாவது படித்தாய். பிள்ளைப்பாக்கம் ஏரிக்குக் கீழே நமக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது, என் அப்பா பேரில். அவர் போய்ச் சேர்ந்தபிறகு பேரை மாற்றவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் நான் பாட்டுக்கு உழுதுகொண்டிருந்தேன். நிலக் கணக்கைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள், போய் உன் பேர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள் என்று தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். பார்த்துக்கொள் என்று சொல்வது சுலபம். அதைப் படிக்க வேண்டுமே. நான் ரெண்டாவதோடு நின்றவன். பஸ் போர்டு படிப்பேன், சினிமா போஸ்டர் படிப்பேன், என் பேரை ஒரு பக்கமாகச் சாய்த்து எழுதுவேன். ஆபீஸ் கையெழுத்து என்றால் எறும்பு மை குடித்துவிட்டு ஊர்ந்தது மாதிரிதான் தெரியும். உன்னிடம் நான் எட்டாவது பாஸ் என்று சொல்லிவைத்திருந்தேன். அதனால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவைத்து, சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து, உன்னை ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். நீ ஒழுங்காகப் படிக்கிறாயா என்று பரீட்சை வைக்கிறேன், நீ படி, தப்பு இருந்தால் நான் திருத்துகிறேன் என்றேன். நீயும் நம்பினாய். வழி முழுக்க வாயால் பெல் அடித்துக்கொண்டே வந்தாய்.

ஏழெட்டு நடை போயிருப்போம். ஒருநாள் அதிகாரி வரவில்லை, ஒருநாள் புத்தகம் வரவில்லை, இரண்டும் வந்த நாளில் கரண்ட் வரவில்லை. வராந்தா பெஞ்சில் உன்னை உட்காரவைத்துச் சமாளிக்க வேண்டுமே. உள்ளேயிருந்து காதில் விழுகிற நிலக் கணக்கு வார்த்தைகளையெல்லாம் பிடித்துப் பிடித்துக் கதை விட்டேன். பட்டா என்பவர் ஒரு ராஜா. யார் போய்க் கேட்டாலும் நாளைக்கு வா என்று சொல்லிவிட்டு ஒளிந்துகொள்வார். சிட்டா அவருடைய தங்கை. அவளைப் பிடிக்கவே முடியாது, சிட்டாகப் பறந்துவிடுவாள். அடங்கல் ஒரு அரக்கன். எத்தனை அண்டா சோறு போட்டாலும் பசி அடங்காதவனுக்குக் கிண்டலாக வைத்த பேர் அது. நத்தம் என்பது நத்தைகள் முதுகில் வீடு கட்டிக் குடியிருக்கும் ஊர். புறம்போக்கு என்பவன் ஊர் ஊராகத் திரிகிற வீரன், யாருக்கும் கட்டுப்படமாட்டான். இதைச் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை, உன் அம்மா கொல்லைப்பக்கம் நின்று, "யோவ் புறம்போக்கு, கஞ்சி ஆறுது, வந்து கொட்டிக்கோ" என்று கத்தினாள். நீ ஓடிவந்து என் இடுப்பில் கத்தி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாய். உன் அம்மா என்னைப் பாராட்டுகிறாள் என்று உலகத்திலேயே நினைத்தவன் நீ ஒருவன்தான்.

அனாதீனம் என்ற வார்த்தையும் அப்படி வந்து விழுந்ததுதான். அது அனாதீனம்யா, அனாதீனம் என்று உள்ளே யாரோ யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது. கேட்க நன்றாக இருந்தது. அது ஒரு நாடு என்றேன். அங்கே வேலி கிடையாது, யாரும் எதையும் என்னுடையது என்று சொல்லமாட்டார்கள், பசித்தவன் எந்த மரத்திலும் ஏறிப் பறித்துத் தின்னலாம், கிணற்றுக்குப் பூட்டு இல்லை என்றேன். நீ வாயைத் திறந்தபடி கேட்டாய். அங்கே போகிற பஸ் எத்தனையாம் நம்பர் என்று கேட்டாய். பஸ் போகாது, கண்ணை மூடிக்கொண்டு பேரைச் சரியாகச் சொன்னால் போய்விடலாம், தப்பாகச் சொன்னால் நாடு மறைந்துவிடும் என்றேன். அந்தக் கடைசி வார்த்தை எனக்கு எதற்கு? கதைக்கு ஒரு காரம் வேண்டும் என்று போட்டேன்.

மாசி மாதத்தில் ஒருநாள் கடைசியாகப் புத்தகம் கிடைத்தது. குமாஸ்தா நம் நிலத்தின் நம்பரைக் கண்டுபிடித்து உன் பக்கமாகத் திருப்பி வைத்தார். நீ எட்டிப் பிடித்து, விரலை வைத்துக் கோடு கோடாக நகர்த்தி, பேர் எழுதுகிற கட்டத்தில் வந்து நின்றாய். உன் முகம் அப்படியே மலர்ந்துபோனது. திரும்பி என்னைப் பார்த்து, "நைனா, நம்ம நெலம் அனாதீனத்துல கீது நைனா" என்றாய். அங்கே இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்தேன்டா. வயிறு குலுங்கச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். பிறகு வெளியே ஓடிப்போய்ச் சைக்கிளிடம் சொல்லிக்கொண்டிருந்தாய்.

நீ மேடையில் சொன்ன கதை இதோடு முடிந்துவிடுகிறது. சின்னப்பையன் சிரித்துக்கொண்டே படித்தான், அதனால் அப்பா விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார், கெடு தாண்டிவிட்டது, நிலம் போய்விட்டது. இதற்குமேல் உனக்குத் தெரியாது. தெரியவிடாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

நீ வெளியே போன கொஞ்ச நேரத்திலேயே, பக்கத்தில் மஞ்சள் பையோடு நின்றிருந்த ஒருத்தர் என் தோளைத் தொட்டார். "இன்னாய்யா சிரிக்கிற? அனாதீனம்னா கேக்க ஆளில்லாத நெலம்னு அர்த்தம். ஒன் நெலத்த சர்க்கார் கணக்குல ஏத்திக்கீறாங்க" என்றார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது வேலு. நீ படித்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. குமாஸ்தாவிடம் திரும்பிப் போனேன். நல்ல மனுஷன். புதுக் கணக்கு எழுதும்போது நிறையப் பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது, இந்த மாதக் கடைசிக்குள் ஆட்சேபணை கொடுத்தால் பேரை ஏற்றிவிடலாம் என்று சொல்லி ஒரு மனு பாரத்தை எடுத்து நீட்டினார். பேனாவையும் கழற்றிக் கொடுத்தார். "இங்கயே எழுதிக் குடுத்துட்டுப் போய்யா. எங்க நைனா எட்டாவது பாஸுன்னு ஒன் புள்ள போன வாரமே எல்லார் கைலயும் சொல்லிகினு கீறான்" என்றார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாய், நைனா எழுதப் போகிறார் என்று. எனக்கு எழுத வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே எழுதியிருப்பார். உன்னைக் கூப்பிட்டிருந்தால் நீயே எழுதியிருப்பாய். நான் அந்தப் பாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் போய்ப் பொறுமையாக எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் அனாதீனத்தில் நமக்கு எத்தனை மாமரம் என்று நீ கேட்டாய். நாற்பது என்றேன்.

செல்வி இங்கே பேனாவை வைத்துவிட்டாள். "நைனா, இத்த எழுதித்தான் ஆவணுமா?" என்கிறாள். இதை எழுதத்தானே அம்மா உட்கார்ந்தோம் என்றேன். மூக்கைச் சிந்திவிட்டு வந்து மறுபடி எழுதுகிறாள்.

மறுநாள் தனியாகப் போய், ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவரிடம் எழுதி வாங்கியிருக்கலாம். அவர் நம் ஊர்க்காரர், சாயங்காலம் டீக்கடையில் சொல்லிவிடுவார், அது உன் காதுக்கு வந்துவிடும் என்று கூசினேன். வேறு ஊர் ஆளைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். நாளைக்கு, வெள்ளிக்கிழமை, அறுப்பு முடியட்டும் என்று தள்ளினேன். மாசி முடிந்துவிட்டது. பங்குனியில் போனேன், காலம் தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு மேலே இன்னும் இரண்டு ஆபீஸ் ஏறினேன். அங்கேயும் அதே பதில்தான். அந்தப் பாரம் சட்டைப் பையில் இருந்து குத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் படம் போடக் காகிதம் வேண்டும் என்று நீ வந்து நின்றாய். எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதன் முதுகில்தான் நீ அனாதீனத்துக்கு வரைபடம் போட்டாய், ஏரி, மாந்தோப்பு, நத்தை ஊர் எல்லாம் வைத்து. இப்போது உன் புத்தகம் ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கிறதே, அதற்கெல்லாம் தாய் அதுதான். அதன் மறுபக்கத்தில் நான் எழுதாத மனு இருந்தது. நீ திருப்பிப் பார்க்கவில்லை. பிறகு உன் அம்மா அதை அடுப்புக்குமேல் பலகையில் விரித்து உப்பு ஜாடியை வைத்துவிட்டாள்.

ஊரில் கேட்டவர்களுக்கு வேறு ஒரு சாக்கு சொன்னேன். அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் பேர் உலகம் முழுக்கத் தெரிந்துபோனதே, ரோடெல்லாம் போலீசாக நின்றதே, அதனால்தான் ஆபீசுக்குப் போகமுடியாமல் காலம் தாண்டிவிட்டது என்றேன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். நாடே அழுத துக்கத்தை என் வெட்கத்துக்குத் துண்டாகப் போர்த்திக்கொண்டவன் நான். என் கெடு முடிந்ததோ மாசியில்.

இதையாவது சின்னப் பொய் என்று விட்டுவிடலாம். பெரிய தப்பு அதற்குப் பிறகுதான் செய்தேன். உனக்குப் பதினாலு வயது இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக நான் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற இடத்துக்கு வந்தாய். புத்தகப்பையைக்கூடக் கழற்றவில்லை. "அனாதீனம்னா ஆளில்லாததாமே நைனா. நான் சிரிச்சிகினே படிச்சதாலதான நீ கண்டுக்காம வுட்ட?" என்று கேட்டாய். அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் வாய்க்கு அது வராது, கிண்டல்தான் வரும். ஆமாம்டா, நீ ஒரு வார்த்தை படித்தாய், ஒன்றரை ஏக்கர் மாயமாகப் போய்விட்டது, பெரிய மந்திரவாதிடா நீ என்றேன். நீ பையைக் கழற்றிக் கீழே வைத்தாய். அப்புறம் சிரித்தாய். சிரித்தான், விஷயம் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? கல்யாணம், காதுகுத்து, பொங்கல் என்று நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் அந்தக் கதையை எடுத்து விட்டேன். நீயும் ஓரமாக நின்று சிரிப்பாய். அந்த நிலத்தில் கம்பெனி மதில் எழும்பி, உள்ளே புதுக் கார்கள் வரிசையாக நிற்க ஆரம்பித்தபிறகு, என் புள்ள படித்த மந்திரத்தில் மாட்டு வண்டி எல்லாம் காராக மாறிவிட்டது என்று இன்னொரு வரியும் சேர்த்துக்கொண்டேன். அதற்குச் சிரிப்பு இன்னும் அதிகம்.

உன் முதல் புத்தகத்தைச் செல்வி படித்துக் காட்டியபோது நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். பட்டா ராஜா, சிட்டா இளவரசி, அடங்கல் அரக்கன், எல்லாரும் வந்துவிட்டார்கள். சர்க்காரைக் கிண்டல் செய்கிறாய் என்று பத்திரிகையில் எழுதினார்களாம். அடப்பாவிகளா, அது கரண்ட் இல்லாத நாளில் நான் விட்ட கதை. இரண்டாவது புத்தகத்திலும் ஒரு பையன் பேரைத் தப்பாகச் சொல்ல நாடு முழுகுகிறது. மூன்றாவதிலும் அதே பையன், தலை நரைத்துவிட்டது, முழுகின நாட்டைத் தேடிக்கொண்டே போகிறான். கடைசி அத்தியாயத்தில் அவனுடைய அப்பன் வருகிறான். பையன் காலில் விழுகிறான். நான் உன்னை எப்போதோ மன்னித்துவிட்டேன் மகனே என்று அந்த அப்பன் சொல்கிறான். செல்வி படிக்கப் படிக்க அழுதாள். எனக்கு உட்கார்ந்த இடம் சுட்டது. நான் சிரிக்கச் சிரிக்கச் சொன்னதை நீ முப்பது வருஷம் முதுகில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உன் அம்மா மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டே, "யார் யாரை மன்னிக்கிறதுன்னு எழுதி வச்சிக்கீது பாரு" என்றாள். அவளுக்குத் தெரியும். சட்டையைத் துவைக்க எடுத்த அன்றைக்கே பாரத்தைப் பார்த்துவிட்டாள். ஒரே ஒருதரம் கேட்டாள், நான் முறைத்தேன், அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. என்னைத் திட்ட ஆயிரம் காரணம் தேடுகிறவள், கையில் இருந்த இந்த ஒரு காரணத்தை எடுக்கவே இல்லை. அவளுக்கு நான் என்ன சொல்வது? நீ எழுதுகிறவன், உனக்குத் தெரிந்தால் சொல்லிக் கொடு.

உனக்குச் சொல்ல என்னிடம் நன்றி நிறைய இருக்கிறது. நீ வளர்ந்தபிறகு எனக்குப் படிக்க வராது என்று எப்போதோ கண்டுபிடித்திருப்பாய். ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால், கண்ணாடியைத் தேட வேண்டாம் நைனா, நானே படிக்கிறேன் என்பாய். எனக்குக் கண்ணாடியே கிடையாது என்று உனக்குத் தெரியாதா? பேங்க் பாரத்தை நிரப்பிவிட்டு, சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று என் பக்கம் திருப்பி வைப்பாய். நானும் புருவத்தைச் சுருக்கிப் பார்த்து, சரிதான் என்பேன். ஒருமுறை அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். நீ மெதுவாக வாங்கிக்கொண்டு, ஆமாம் நைனா சரிதான் என்றாய். இப்படி ஒரு மரியாதையை எந்த அப்பனுக்கு எந்தப் பிள்ளை கொடுப்பான்? புத்தகத்தில்கூட அந்த அப்பனைப் படித்தவனாக எழுதியிருக்கிறாய். போன நிலத்தை நீ மீட்டுவிட்டாய் என்று பெரிய வார்த்தை எல்லாம் சொல்லமாட்டேன். உன் நாட்டில் ஒரு படி நெல் விளையாது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து நான் வாய்க்கு வந்தபடி விட்ட கதையை, ஒன்றைக்கூடக் கீழே விடாமல் நீ பொறுக்கி வைத்திருந்தாயே, அதற்குத்தான் நன்றி. என் பேச்சை அத்தனை அக்கறையாகக் கேட்ட ஆள் வேறு யாரும் இல்லை. குமாஸ்தா உட்பட.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன் எழுதுகிற கடிதத்தில் ஒன்றாவது இல்லாவிட்டால் செல்வி ஒப்புக்கொள்ளமாட்டாள். யாரை வேண்டுமானாலும் கிண்டல் பண்ணு. உன் பெண்டாட்டியை, பிள்ளைகளை, என்னைக்கூட. தப்பு உன்மேல் இருக்கிற நேரத்தில் மட்டும் பண்ணாதே. அப்போது வருகிற சிரிப்பு இன்னொருத்தன் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், இறங்காது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமன் பேத்திக்குத் தண்டலத்தில் காதுகுத்து. சாப்பிட்டு முடித்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தபோது உன் மாமன் வழக்கம்போல, "மாமா, நெலம் காணாம போன கதைய எடுத்து வுடு" என்றான். இளசுகள் எல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான் சொன்னேன், இதுவரை சொன்ன மாதிரி இல்லாமல், உனக்கு இப்போது எழுதியிருக்கிற மாதிரி, பாரம், பேனா, ஜன்னல் எல்லாம். ரெண்டாவது வரைக்கும்தான் படித்தேன் என்பதையும் சொன்னேன். சிரிக்கலாம் என்று காத்திருந்தவர்கள் வாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். "எம் புள்ள சரியாத்தான் படிச்சான். எழுதாம வுட்டவன் நான்" என்றேன். உன் மாமன், இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். "நீங்கதான் சிரிச்சிகினே இருந்தீங்களே, நடுவுல எங்கடா சொல்றது" என்றேன். அவனிடமும் கிண்டல்தான் வந்தது. பழக்கம், உடனே போகுமா?

அவர்களில் யாராவது போன் போட்டு உனக்குச் சொல்லிவிடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்றைக்குச் செல்வியின் லீவைக் கெடுத்தேன். கோபம் வந்தால் கோபப்படு. வந்து திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன், இந்தத் தடவை நடுவில் பேசமாட்டேன். மேடையில் இடம் இல்லை என்றால் கீழே கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். வேட்டிக்கு நீலம் போட்டாகிவிட்டது, வராமல் இருக்க உன் அம்மா விடமாட்டாள்.

எல்லாவற்றையும் எழுதி முடித்த செல்விக்கு இப்போது ஒரு கவலை வந்துவிட்டது. "நைனா, இத்த சொல்லிட்டா அண்ணன் அப்பறம் இன்னாத்த எழுதும்?" என்கிறாள். நியாயமான கேள்விதான். எழுதத் தப்புதான் வேண்டுமென்றால் சொந்தமாக நாலு தப்பு செய்துகொள்ளட்டும், வயது இருக்கிறது என்றேன். உன் புத்தகத்தில் அப்பன் காலில் விழுந்து கிடக்கிற அந்தப் பையனை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிடு வேலு. முழங்கால் வலிக்கும். நிலம்தான் என் பேரில் ஏறவில்லை, இந்தத் தப்பையாவது என் பேருக்கு மாற்றிக் கொடு.